டிசம்பருக்குப் போதுமான டச்சு

இந்த எபிசோடுக்குக் காரணம் நீங்கதான். நெதர்லாந்து பத்தி எப்போ பேசினாலும் ஒரே கேள்வி வருது: "டச்சு தெரியாம அங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

உண்மையைச் சொன்னால், வருஷத்துல பத்துப் பதினொரு மாசம் சமாளிக்க வேண்டிய தேவையே இல்லை. நான் இருப்பது ஐன்ட்ஹோவன். ஆபீஸ்ல எல்லாம் இங்கிலீஷ். காலை ஸ்டாண்ட்அப், கோட் ரிவ்யூ, மதியம் கேன்டீன் அரட்டை, எல்லாமே. கடையில் நாம் வாயைத் திறந்து ரெண்டு டச்சு வார்த்தை சொன்னதுமே, எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷுக்கு மாறிவிடுவார். மரியாதைக்குத்தான் மாறுகிறார். ஆனா அதனாலேயே நம்ம டச்சு வளராது.

நவம்பர் பாதியில் இது மாறும். ஊர் முழுக்க ஒரு பண்டிகைக் காலம் தொடங்கும். அது புது வருஷம் பிறந்து ஒரு வாரம் வரைக்கும் ஓடும். பண்டிகை வந்தா மனுஷங்க தாய்மொழிக்குத் திரும்பிடுவாங்க. பொங்கலுக்கு நம்ம வீட்டுல யாராவது இங்கிலீஷ்ல குலவை போடுவாங்களா? அதே மாதிரிதான். கேன்டீன்ல மேஜைக்கு மேஜை டச்சு. ஆபீஸ் குரூப்ல வர்ற மெசேஜ் டச்சு. பேக்கரி போர்டு டச்சு. எனக்கு இது மூணாவது குளிர்காலம். கையில் இருப்பது ஆரம்ப நிலை டச்சு, அதாவது சில நூறு வார்த்தைகள், அதுவும் தடுமாறித் தடுமாறி.

ஆனால் ஒன்று கவனித்தேன். டிசம்பரில் அந்தச் சில நூறுகூடத் தேவையில்லை, ஒரு நாற்பது வார்த்தை இருந்தால் போதும். பண்டிகை என்பதே திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகங்களில் ஓடுவதுதான். அந்த நாற்பது வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால், பின்னால் ஒரு கப்பல் நிற்கிறது. சில கப்பல்கள் நம்ம கடற்கரையில் இருந்தே கிளம்பியவை. இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல் வார்த்தை: பேப்பர்நோட்டன்

ஆகஸ்ட் கடைசியிலேயே சூப்பர் மார்க்கெட்டில் பை பையாக ஒரு குட்டி பிஸ்கட் வந்து குவியும். பெயர் பேப்பர்நோட்டன். 'பேப்பர்' என்றால் மிளகு, 'நோட்டன்' என்றால் கொட்டைகள். மிளகுக் கொட்டை. கண்டிப்பான ஆசாமி யாராவது பக்கத்துல இருந்தா உங்களைத் திருத்துவார்: "இது பேப்பர்நோட்டன் இல்லை, க்ரௌட்நோட்டன்." அவர் சொல்வது சரிதான். மொறுமொறுவென்று இருப்பது க்ரௌட்நோட்டன், அதாவது மசாலாக் கொட்டை. மெத்தென்று சவ்வு மாதிரி இருப்பதுதான் அசல் பேப்பர்நோட்டன். ஆனா ஊர்ல பாதிப் பேர் ரெண்டையும் ஒரே பேர்லதான் கூப்பிடுறாங்க.

ஒண்ணு எடுத்து வாயில போட்டுப் பாருங்க. பட்டை, கிராம்பு, ஜாதிக்காய், இஞ்சி, ஏலக்காய், சில கைப்பக்குவத்தில் வெள்ளை மிளகும் இருக்கும். நம்ம வீட்டு அஞ்சறைப் பெட்டியில பாதி அந்த பிஸ்கட்டுக்குள்ள இருக்கு. பனி கொட்டும் இந்த ஊர்ல இதுல ஒண்ணுகூட விளையாது. அப்போ எப்படி வந்தது?

1602-ல் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. குறி, நறுமணப் பொருள். அன்றைய உலகில் ஜாதிக்காய் விளைந்தது இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் மட்டும்தான். 1621-ல் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு அங்கே போய் இறங்கினார். தீவு மக்களில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் செத்தார்கள், அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். காலியான தோட்டங்களில் வேறு இடங்களில் இருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பட்டைக்கு இலங்கை. போர்ச்சுகீசியரிடமிருந்து அங்கே கோட்டை கோட்டையாகப் பிடித்து, 1658-ல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றி முடித்தார்கள்.

டச்சில் இன்னொரு வார்த்தை உண்டு, 'பேப்பர்டூர்'. மிளகு விலை, அதாவது கொள்ளை விலை. இன்றைக்குச் சூப்பர் மார்க்கெட்டில் மிளகு சல்லிசாகக் கிடைக்கிறது. ஆனாலும் வீட்டு வாடகையைச் சொல்லும்போது மக்கள் வாயில் வருவது பேப்பர்டூர்தான். மிளகு மலிந்து போன பிறகும் வார்த்தை பழைய விலையை ஞாபகம் வைத்திருக்கிறது. அந்தப் 'பேப்பர்' லத்தீன், கிரேக்கம் வழியாகப் பின்னோக்கிப் போய் நம்ம பக்கத்துப் 'பிப்பலி'யில் முடிகிறது. நாம் சுக்கு, மிளகோடு சேர்த்துச் சொல்லும் திப்பிலிக்கும் அதே குடும்பம்தான்.

இரண்டாவது வார்த்தை: சின்டர்கிளாஸ்

நவம்பர் நடுவில் ஒரு சனிக்கிழமை, வெள்ளைத் தாடியும் சிவப்பு அங்கியும் பிஷப் தொப்பியுமாக ஒருவர் நீராவிக் கப்பலில் வந்து இறங்குவார். அவர்தான் சின்டர்கிளாஸ். கிறிஸ்துமஸ் தாத்தா வேறு, இவர் வேறு. இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா என்ற ஊரின் பிஷப்பாக இருந்த புனித நிக்கோலஸ்தான் மூலம். அவருடைய திருநாள் டிசம்பர் 6. இங்கே அதற்கு முந்தைய இரவு, டிசம்பர் 5, பரிசு இரவு. குழந்தைகள் அதற்கு முன்னாலேயே ஷூவை வெளியில் எடுத்து வைத்து, உள்ளே குதிரைக்கு ஒரு கேரட் போட்டு, பாட்டுப் பாடிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

ஒரு கத்தோலிக்கப் புனிதரின் விழா புராட்டஸ்டன்ட் நாட்டில் எப்படிப் பிழைத்தது? 17-ஆம் நூற்றாண்டில் பல நகர நிர்வாகங்கள் இதற்கு எதிராக உத்தரவே போட்டன. புனிதர் உருவத்தில் பிஸ்கட் விற்கக் கூடாது, அன்றைக்குக் கடை போடக் கூடாது என்றெல்லாம். மக்கள் கேட்கவில்லை. சாட்சி வேணும்னா ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் மியூசியத்துக்குப் போங்க. யான் ஸ்டேன் 1660-களில் வரைந்த ஓவியம் இருக்கிறது. ஒரு வீடு, பரிசு வந்த காலைப் பொழுது. ஒரு சின்னப் பெண் பொம்மையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். ஷூவில் பிரம்பு மட்டும் கிடைத்த பையன் அழுகிறான். கீழே கூடை நிறைய பலகாரம். சட்டம் ஒன்று சொல்லும்போது சமையலறை வேறொன்று செய்ததற்கு அந்த ஓவியமே ஆவணம்.

இன்றைக்கு நாம் பார்க்கும் நீராவிக் கப்பலும் ஸ்பெயினும் ரொம்பப் பழசு கிடையாது. 1850-ல் ஆம்ஸ்டர்டாம் பள்ளி ஆசிரியர் யான் ஸ்ஹெங்க்மன் ஒரு படப் புத்தகம் போட்டார். அதில்தான் புனிதர் ஸ்பெயினிலிருந்து நீராவிக் கப்பலில் வருகிறார். கூடவே ஒரு கறுப்பின வேலைக்காரன். அவனுக்குப் புத்தகத்தில் பெயர்கூட இல்லை. 1850 என்பதைக் குறித்துக்கொள்ளுங்க. டச்சுக் காலனியான சூரினாமில் அப்போது அடிமை முறை சட்டப்படி நடப்பில் இருந்தது. ஒழிந்தது 1863-ல். அதன் பிறகும் பத்து வருஷம் பழைய தோட்டங்களிலேயே கட்டாய வேலை. 1873-ல் அது முடிந்ததும் அந்த இடத்துக்கு யாரைக் கூட்டிப் போனார்கள் தெரியுமா? இந்தியர்களை. அந்த வருஷம் லல்லா ரூக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சூரினாம் போய்ச் சேர்ந்தது. அவர்களுடைய வாரிசுகள் பலர் இன்றைக்கு ஹேக் நகரத்தில் இருக்கிறார்கள்.

அந்தப் பெயரில்லாத வேலைக்காரன்தான் பிற்பாடு 'ஸ்வார்ட்ட பீட்', கறுப்பு பீட். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கறுப்பு மை, உதட்டில் சிவப்புச் சாயம், தலையில் சுருட்டை முடி விக் என்று வேஷம் கட்டினார்கள். 2011-ல் டோர்ட்ரெஹ்ட் நகரில் குவின்ஸி ஹாரியோ, ஜெர்ரி அஃப்ரியே இருவரும் "கறுப்பு பீட் என்பது இனவெறி" என்று எழுதிய டி-ஷர்ட்டோடு போய் நின்றார்கள். போலீஸ் இழுத்துப் போய்க் கைது செய்தது. அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒவ்வொரு நவம்பரும் சண்டைதான். மெல்ல மெல்ல மாறியது. 2019-ல் டி.வி.யில் காட்டும் தேசிய ஊர்வலத்திலேயே, புகைபோக்கி வழியாக இறங்கியதால் கன்னத்தில் கரி தீற்றிய பீட்கள் மட்டும்தான் வந்தார்கள்.

எனக்கு இதில் பிடிபட்டது ஒன்றுதான். "இது எங்க பாரம்பரியம், கை வைக்காதே" என்று சொல்லப்பட்ட பல விஷயம் ஒரு வாத்தியார் எழுதிய புத்தகத்தில் தொடங்கியது. பண்டிகையை யாரோ ஒருத்தர் எப்போதோ மாற்றியிருக்கிறார். அதனால் இன்னொருத்தரும் மாற்றலாம்.

ஆபீஸ் டச்சு

சரி, மொழிக்கு வருவோம். டிசம்பர் தொடக்கத்தில் ஆபீஸில் 'லோட்யஸ் ட்ரெக்கன்' நடக்கும். சீட்டுக் குலுக்கல். யார் பெயர் வருதோ அவங்களுக்குப் பரிசு. இங்கே பரிசு முக்கியமில்லை, அதோடு வைக்க வேண்டிய கவிதைதான் முக்கியம். 'ஹெடிஹ்ட்' என்பார்கள். பெறுபவரைச் செல்லமாகக் கலாய்த்து எழுத வேண்டும். எழுதியது சின்டர்கிளாஸ் என்பதாகப் பாவனை. எல்லார் முன்னாடியும் சத்தமாகப் படிக்கணும்.

பயப்படாதீங்க. ஆரம்ப நிலை டச்சுக்கு ஏற்ற இலக்கிய வகை உலகத்துல ஒண்ணு உண்டுன்னா அது இதுதான். நாம் அடியின் தொடக்கத்தில் எதுகை, மோனை பார்ப்போம். இவர்களுக்கு அடியின் கடைசியில் இயைபு இருந்தால் போதும். டச்சில் வினைச்சொல் பெரும்பாலும் 'அன்' என்று முடியும். 'டெங்கன்' என்றால் யோசிப்பது, 'ஸ்ஹெங்கன்' என்றால் பரிசளிப்பது. ரெண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். தலைமுறை தலைமுறையாக எல்லாரும் அதே ஜோடியைத்தான் தேய்க்கிறார்கள். எவ்வளவு மொக்கையாக இருக்கோ அவ்வளவு கைதட்டு. போன வருஷம் எனக்கு வந்த கவிதை, வெளியே ரெண்டு டிகிரி இருக்கும்போது ஆபீஸ் ஹீட்டருக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருத்தரைப் பற்றியது. முழுசாப் புரிஞ்சுது. மத்தவங்க சிரிக்கிறதுக்கு முன்னாடியே சிரிச்சேன். வேற்று மொழியில் அது பெரிய சந்தோஷம், நம்புங்க.

கடையில் தேவைப்படுவது இன்னும் கொஞ்சம்தான். டிசம்பர் கடைசியில் தெருமுனைகளில் தள்ளுவண்டி மாதிரி ஒரு கடை முளைக்கும். 'ஒலிபொல்லன்' விற்பார்கள். எண்ணெய் உருண்டைகள். மைதா மாவை ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து, உலர்திராட்சை சேர்த்து, கரண்டியால் எடுத்து எண்ணெயில் போடுவது. இனிப்பு போண்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ரெண்டே கேள்வி. முதல் கேள்வி, "மெட் ஒஃப் ஸொன்டர்?" சர்க்கரைப் பொடியோடவா, இல்லாமலா? 'மெட்' என்று சொல்லுங்கள், வாழ்க்கை ஒருமுறைதான். இரண்டாவது, "ஆன்டர்ஸ் நொஹ் ஈட்ஸ்?" வேற ஏதாவது வேணுமா? அடுத்து விலை. டச்சு எண்கள் தலைகீழ். இருபத்தைந்தை 'ஐந்தும் இருபதும்' என்பார்கள். காதில் ஐந்து விழுந்ததும் முடிவுக்கு வராமல் பின்னால் வருவதற்குக் காத்திருக்கணும். இந்த ஒரு பொறுமை வந்தா பாதி டச்சு வந்த மாதிரி.

வாழ்த்துகளுக்குக் காலண்டர் இருக்கு. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி 'ஃபெய்ன ஃபேஸ்ட்டாஹன்', இனிய பண்டிகை நாட்கள். இங்கே கிறிஸ்துமஸ் ரெண்டு நாள், 'முதல் நாள்', 'இரண்டாம் நாள்' என்றே பெயர். அது முடிந்து டிசம்பர் 31 வரை 'ஹூட் ஔட்ஐன்டெ' என்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் 'நல்ல முடிவு'. முதல்முறை கேட்டபோது எனக்கு ஏதோ சாபம் மாதிரி இருந்தது. வருஷம் நல்லபடியா முடியட்டும் என்று அர்த்தம். ஜனவரி 1-லிருந்து 'ஹெலுக்கஹ் நியூயார்'. இதில் எதையுமே நினைவு வைக்க முடியவில்லை என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், 'இன்ஸ்ஹெலெய்க்ஸ்'. உங்களுக்கும் அதேதான்.

ஆனா இந்த டச்சு எங்க நிக்கும்னும் சொல்லிடறேன். வருஷக் கடைசி இரவில் டி.வி. முன்னால் ஊரே உட்காரும். ஒரு காமெடியன் தனியாக நின்று அந்த வருஷ அரசியலைக் கிழிப்பார். 1954-ல் விம் கான் ரேடியோவில் தொடங்கிவைத்த வழக்கம். அதில் எனக்குப் பிடிபடுவது பெயர்ச்சொற்கள் மட்டும்தான். சுற்றி எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாற்பது வார்த்தையில் வாழ்த்தலாம், வாங்கலாம், சாப்பிடலாம். ஒரு நாடு தன்னைத் தானே கிண்டல் செய்துகொள்வதில் கலந்துகொள்ள முடியாது.

அவர்களும் ஆரம்ப நிலை மாணவர்கள்

இதை அப்படியே திருப்பிப் பார்ப்போம். டச்சுக்காரர்கள் நம்ம ஊருக்கு வந்தபோது அவர்களுக்குத் தமிழ் தெரியுமா? தெரியாது. 1610-ல் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1613-ல் அங்கே ஹெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். தேவைப்பட்டது நம்ம துணி. இந்தோனேசியத் தீவுகளில் மிளகுக்கும் ஜாதிக்காய்க்கும் விலையாகக் கேட்கப்பட்டது சோழமண்டலத் துணிதான். நெதர்லாந்தில் அந்த பிஸ்கட்டுக்குள் போன மசாலாவுக்கு, தமிழ்நாட்டு நெசவாளர் கையும் ஒரு விலை.

யாழ்ப்பாணத்தில் டச்சுப் பாதிரியாராக இருந்த ஃபிலிப்பஸ் பால்டேயஸ், 1672-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார். மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை பற்றியது. அதில் தமிழ் எழுத்துகளையும் ஒரு சின்ன இலக்கண அறிமுகத்தையும் சேர்த்து அச்சிட்டிருக்கிறார். 'தமிழ் கற்போம்' முதல் பாகம் என்று வைத்துக்கொள்ளுங்க. நான் இங்கே குளிரில் உட்கார்ந்து 'ஹ'வைத் தொண்டைக்குள்ளிருந்து காறி எடுக்கப் பழகுகிற மாதிரி, அவர் வெயிலில் உட்கார்ந்து 'ழ'வுக்கு மல்லுக்கட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு வித்தியாசம், அவர் பின்னால் கோட்டையும் பீரங்கியும் இருந்தன.

அவர்கள் விட்டுப் போன வார்த்தைகளை நாம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். டச்சில் 'கக்ஹௌஸ்' என்றால் மலம் கழிக்கும் வீடு. நம்ம கக்கூஸ் அங்கிருந்து வந்ததுதான். இங்கே இன்று யாரும் அந்தச் சொல்லைப் பேச்சில் பயன்படுத்துவதில்லை. 'கன்டோர்' என்றால் அலுவலகம். ஈழத்துப் பெரியவர்கள் இன்னமும் "கந்தோருக்குப் போட்டு வாறன்" என்பார்கள். மேஜை இழுப்பறை 'லாட்யெ'. யாழ்ப்பாண வீடுகளில் அது லாச்சி. கழிப்பறை, ஆபீஸ், இழுப்பறை. ஆட்சி செய்தவன் எதில் கைவைத்தான் என்பது இந்த மூன்றிலேயே தெரிகிறது.

வார்த்தையே விடாமல் போனவர்களும் உண்டு. சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்தபோதெல்லாம் டச்சுக் கம்பெனி மனிதர்களை விலைக்கு வாங்கியது. 1659-லிருந்து 1661 வரை தஞ்சாவூர்ச் சீமையில் பஞ்சமும் போரும் சேர்ந்து வந்தன. பசிக்குத் தன்னையும் பிள்ளைகளையும் விற்றவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களைக் கப்பல் ஏற்றி இலங்கைக்கும் பட்டாவியாவுக்கும் கொண்டுபோனார்கள். பட்டாவியா என்றால் இன்றைய ஜகார்த்தா.

2022 டிசம்பர் 19. பண்டிகை விளக்குகள் எரிகிற வாரம். ஹேக் நகரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் நின்று பிரதமர் மார்க் ருட்டே அடிமை முறைக்காக நாட்டின் பெயரில் மன்னிப்புக் கேட்டார். டச்சில் மட்டும் கேட்டால் போதாது என்று இங்கிலீஷிலும், கரீபியத் தீவுகளின் பாப்பியமென்டோவிலும், சூரினாமின் ஸ்ரானனிலும் ஒரு வரி சொன்னார். பிறர் மொழியில் ஆரம்ப நிலை மாணவனாக நிற்கும் முறை அன்றைக்கு அவருடையது. ஏன் டிசம்பரில், ஏன் இவ்வளவு அவசரம், அடிமை ஒழிப்பு நாளான ஜூலை 1 வரை காத்திருக்கக் கூடாதா என்று சூரினாம் பக்கத்திலிருந்து எதிர்ப்பும் வந்தது. அந்த உரையில் ஆசியாவும் இருந்தது. கம்பெனி ஆண்ட பகுதிகளில் 6,60,000-லிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் விற்கப்பட்டார்கள் என்றார். அந்த எண்ணிக்கைக்குள் பழவேற்காடும் நாகப்பட்டினமும் இருக்கின்றன. அந்த மன்னிப்பு தமிழில் வரவில்லை.

மூன்று வார்த்தைகள்

கடைசியாக, இந்த எபிசோடை ஏன் செய்தேன் என்று சொல்கிறேன். நான் இங்கே வந்த விசாவுக்குப் பெயர் 'கென்னிஸ்மிஹ்ரான்ட்', அறிவுக் குடியேறி. பேரே கொஞ்சம் ஓவர். இந்த விசாவில் வருபவர்களுக்கு மொழித் தேர்வுக் கட்டாயம் கிடையாது. குடியுரிமை வேண்டுமென்றால் எழுதணும். அதனால் என் ஆரம்ப நிலை டச்சு ஒரு பொழுதுபோக்கு மாதிரி. தெரிந்தால் பாராட்டு, தெரியாவிட்டால் இங்கிலீஷ்.

1980-களின் நடுவில் இதே நாட்டுக்கு வேறு தமிழர்கள் வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டு ஓடி வந்தவர்கள். பெரும்பாலும் என் வயசுப் பையன்கள், என்னைவிடச் சின்னப் பையன்களும். இத்தனை பேர் ஒரே சமயத்தில் தஞ்சம் கேட்டு வந்ததும் அரசு தடுமாறியது. 1985-ல் தமிழர்களுக்கென்றே தனியாக ஓர் ஏற்பாடு செய்தது. மற்றவர்களுக்குக் கிடைத்த சமூக உதவித்தொகை இவர்களுக்குக் கிடையாது. தங்க ஓர் இடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக் காசு. அதற்கு வழங்கிய பெயர் 'பெட், பாட், ப்ரோட்'. படுக்கை, குளியல், ரொட்டி.

டச்சு வகுப்பில் முதல் வாரத்தில் சொல்லித்தரும் வார்த்தைகள் இவை. அவ்வளவு எளிது. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் எதுவும் தரமாட்டோம் என்பதைச் சொல்ல ஓர் அரசாங்கத்துக்கு அந்த மூன்று போதுமாக இருந்தன. 1987-ல் தஞ்சம் கேட்டு வரும் எல்லாருக்குமான பொது ஏற்பாடு வந்தது. தமிழர்களுக்குச் செய்து பார்த்தது பிறகு எல்லாருக்குமானதற்கு முன்மாதிரி ஆனது. 2015-ல் ஆவணமில்லாமல் தங்கியிருப்பவர்களை என்ன செய்வது என்ற சண்டையில் இதே மூன்று வார்த்தைகள் திரும்பி வந்தன. அன்றைய கூட்டணி அரசே கவிழப் பார்த்தது.

அவர்களுக்கும் அந்த முதல் டிசம்பர் வந்திருக்கும். நாலரை மணிக்கே இருட்டும் ஊர், கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே விளக்கு, தெருவில் எண்ணெய்ப் பலகார வாசனை. "மெட் ஒஃப் ஸொன்டர்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கையில் காசு இருந்திருக்குமா தெரியாது. இங்கிலீஷுக்கு மாறி உதவி செய்யும் சிரிப்பு அவர்களுக்கு எத்தனை பேரிடம் கிடைத்திருக்கும்? ஆனால் அவர்கள் படித்தார்கள். இன்றைக்கு இந்த ஊரில் அவர்களுடைய பிள்ளைகள் வருஷக் கடைசி காமெடியைக் கேட்டு, அது எங்கே கடிக்கிறது என்று தெரிந்து சிரிக்கிறார்கள். என்னால் முடியாதது அவர்களால் முடிகிறது.

'சமாளிக்கிற அளவுக்கு மொழி' என்று நாம சாதாரணமாச் சொல்றோம் இல்லையா? எவ்வளவு தெரிந்தால் சமாளிக்கலாம் என்பதை முடிவு செய்வது நம்ம வார்த்தை எண்ணிக்கை கிடையாது. எந்தக் கப்பலில், எந்த விமானத்தில், யாராக வந்து இறங்கினோம் என்பதுதான். ஒருத்தர் பீரங்கியோடு வந்து நாலு எழுத்துக் கற்றால் புத்தகம். ஒருத்தர் விசாவோடு வந்து நாற்பது வார்த்தை பேசினால் கைதட்டல். ஒருத்தர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நானூறு கற்றாலும், "இன்னும் கத்துக்கலையா?" என்றுதான் கேட்பார்கள். இது டச்சுக்காரர்களுக்கு மட்டுமான குணமும் இல்லை. சென்னையில் கட்டட வேலைக்கு வந்த ஒரு ஒடிசாக்காரர் "அண்ணா, எவ்ளோ?" என்று கேட்கும்போது நம்ம முகம் எப்படி மாறுது? வெள்ளைக்காரர் ஒருத்தர் அதே வார்த்தையைச் சொன்னா எப்படி மாறுது? கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோடில் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைக்குப் போகலாம். வாசலில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கும் இடம். அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, உங்க வீட்டுப் பெரியவங்க அந்த இடத்தைப் பத்தி என்ன சொல்வாங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அதுவரைக்கும், ஹூட் ஔட்ஐன்டெ. சாபம் இல்லை, வாழ்த்துதான். நீங்க என்ன பதில் சொல்லணும்னு தெரியும்ல? இன்ஸ்ஹெலெய்க்ஸ்.